குவைத் பெட்டி

பெட்டி புதிதல்ல.
அம்மா குவைத்திலிருந்து இழுத்துவந்தது.
ஒரு சில்லு பாதிதான் சுழலும்.
பிடியில் இன்னும் ஒட்டிக்கிடக்கிறது
விமான நிலையத்துப் பட்டியின் மிச்சம்,
அதில் அம்மாவின் பெயர், பாதி.

நேற்று அதை நெல்லு மில்லுக்குக் கொண்டுபோனோம்.
தம்பி சைக்கிள் கரியரில் கட்டி உருட்ட,
நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன்.
உமி படிந்த தராசில்
சம்பா மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.
இருபத்தெட்டரை.
"அஞ்சரை கூடிப்போச்சு கா" என்றார் மில்காரர் பத்மசீலன்.
கூலி வாங்கவில்லை.
பெட்டியில் ஒட்டிய தவிட்டைத் துவாயால் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து குறைத்தோம்.
புள்ளிவிபரவியல் புத்தகம் வெளியே.
இரண்டாவது சப்பாத்து வெளியே.
கருவாட்டுப் பொதி வெளியே, உள்ளே, வெளியே,
நான் குளித்துவிட்டு வரும்போது
மறுபடி உள்ளே.

பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்கு ஓர் எச் குறைவு.
கிதுஷிகாவும் கிதுசிகாவும் ஒரே ஆள்தான் என்று
களுவாஞ்சிக்குடியில் சமாதான நீதவான் முன்னால்
சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன்.
ஊதா மையில் அவர் முத்திரை குத்துகையில்
மற்றவளை நினைத்தேன், எச் இல்லாதவளை.
அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை.
அவள் குருமண்வெளியில் நிற்பாள்,
பின்னேரம் பாதையில் ஏறி வாவியைக் கடந்து
மண்டூரில் கணக்கு ரியூசன் எடுப்பாள்,
மழைநாளில் சாரி நனையப் பாதைக்குக் காத்திருப்பாள்.
அவள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை,
ஏனென்று தெரியவில்லை.

வங்கியில் என் பெயரில் பதினாறு லட்சம் கிடந்தது.
நாலு மாமியின் காப்பு,
ஆறு சித்தப்பாவின் மாட்டுப்பட்டி,
ஒன்றரை இன்னும் விழாத சீட்டு.
மிச்சம் யார் யாருடையதென்று
கலண்டரின் பின்பக்கம் அம்மா எழுதிவைத்திருந்தாள்.
விசா ஒட்டிவந்த மறுநாளே
எல்லாம் தங்கள் தங்கள் வீடு போயிற்று.
தொண்ணூறு நாள் நான் பணக்காரி.
தொண்ணூறு நாளும் வந்தாறுமூலை பஸ்ஸுக்குச்
சில்லறை எண்ணினேன்.

எங்களுக்குச் சூரியன் கடலில் எழும்,
வாவிக்கு அப்பால் விழும்.
அதனால் இந்தக் கரை எழுவான், அந்தக் கரை படுவான்.
நான் போகும் போலந்துக் கரையில்
மார்கழியில் மூன்றரைக்கே படுமாம்.
அம்மாவிடம் சொன்னேன்.
"அப்ப விளக்கு வெச்சிட்டா தேத்தண்ணி குடிக்கிற?"
கவலைப்படவில்லை,
நேரத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அம்மா போன இரவு எனக்கு நாலு வயது.
வான் ஒழுங்கை முகப்பில்
ஹோர்ன் அடிக்காமல் நின்றதாம்.
என்னை எழுப்பவில்லை.
விடிய எழும்பிப் பார்த்தேன்,
கிணற்றடியில் நீல வாளி நிறையத்
தண்ணீர் அள்ளிவைத்துப் போயிருந்தாள்,
நான் முகம் கழுவ.
அதைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை.
அந்த வாளியைப்பற்றிக்கூட.

இன்றிரவு, மடித்துக்கொண்டிருந்த
கம்பளிச் சட்டையை மடியில் வைத்தபடி கேட்டாள்:
"போய் இறங்கினதும்
பாஸ்போட்ட வாங்கி வெச்சிருவாங்களா?"
இல்லையம்மா, அது என்னிடமே இருக்கும்.
"அறை வெளியால பூட்டுறதா?"
உள்ளால. திறப்பும் என்னிடம்தான்.
"வெள்ளிக்கிழமையெண்டாலும் வெளிய விடுவாங்களா?"

எல்லா நாளும் போகலாம், அம்மா.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டையை மறுபடி விரித்தாள், மறுபடி மடித்தாள்.
பிடியில் ஒட்டிய பழைய பட்டியை
நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.
பசை காய்ந்திருந்தது,
துண்டு துண்டாகத்தான் வந்தது.

இப்போது பத்தரை.
வான் இரண்டு மணிக்கு.
தம்பி வாசல் பாயில் தூங்குகிறான்,
எழுப்பச் சொல்லியிருக்கிறான், எழும்பமாட்டான்.
முற்றத்தில் இறங்கி நின்று
வான்காரருக்குக் கோல் எடுத்தேன்:
அண்ணன், ஒழுங்கைக்கு வந்ததும்
நல்லா ஹோர்ன் அடிங்க.
அயல் எழும்பினாலும் பரவாயில்லை.